துணிக்குள் மூன்று விரல்

ஐயா, அடுத்த வீட்டுக் காரியத்தில் மூக்கை நுழைக்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. நடுச்சுவரில் ஒரு செங்கல் ஆடும். எடுத்தால் தேவபிரசாதம் அண்ணாச்சி வீட்டு முன்னறை தெரியும். எடுத்துப் பார்க்காமல் அது ஆடுகிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அண்ணாச்சி முத்துத் தரகர். கூட்டாளி வன்னியபெருமாளும் அப்படித்தான். தரகர் என்று பேர்தான். தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நடந்தே இருபது வருஷம் ஆகிறது. விலை பேசிப் பழகிய விரல்கள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தன. போன வருஷம் சுதந்திரம் வந்ததும் கப்பல் கம்பெனித் துரை ஒருவர் மூட்டை கட்டினார். தன் பெண்சாதிக்கு நல்ல முத்தாகப் பார்த்து வாங்கிக் கொடுத்த நன்றிக்கு, அண்ணாச்சிக்கு நாலு புட்டி விஸ்கி கொடுத்துவிட்டுப் போனார். நாலும் ஸ்காட்லாந்தில் ஒரே வடிசாலையில் இறக்கிய சரக்கு. வேறெதுவும் கலக்காதது. பத்து, பதினைந்து, இருபது, முப்பது வருஷம் என்று பீப்பாயில் கிடந்தவையாம். சீமையிலேயே தேடினாலும் அகப்படாதாம். இதெல்லாம் நான் விசாரித்ததில்லை. காதில் விழுந்தது.

சனிக்கிழமைதோறும் மத்தியானம் இருவரும் உட்காருவார்கள். ஒவ்வொரு புட்டியிலிருந்தும் பிள்ளைக்கு மருந்து ஊற்றுகிற அளவுதான் ஊற்றுவார்கள். கிளாஸை உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றி, முகர்ந்து, நாக்கில் நிறுத்திக் கூரையைப் பார்ப்பார்கள். சரி, குடிக்கட்டும். வயசாளிகள். ஆனால் எது ஒசத்தி என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டாமா? முத்துக்கு விலை பேசுகிற மாதிரி இருவர் கையையும் ஒரு துண்டால் மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்தும் கணுவை அழுத்தியுமே பேசி முடித்தார்கள். பக்கத்தில் நிற்கிறவனுக்கு விலை தெரியக் கூடாது என்று தரகர்கள் செய்துகொண்ட ஏற்பாடு அது. இந்த அறையில் பக்கத்தில் யார் நிற்கிறார்கள்? நீங்களே சொல்லுங்கள். முடிந்ததும் இருவரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைப் பதினொரு மாதம் பொறுத்துக்கொண்டேன்.

ஒரு நாள் உறைமோர் கேட்கிற சாக்கில் போனேன்.

“அண்ணாச்சி, நாலுல எது ஒசத்தி?”

“அது துணிக்குள்ள உள்ள சங்கதி இசக்கி. ஒனக்கு எதுக்குளா?”

“ஏலே பிரசாதம், செவுத்துக்கும் ஒரு மடக்கு ஊத்துவமா?” என்றார் வன்னியபெருமாள். “கேட்டுக் கேட்டு அதுக்கும் தொண்ட காஞ்சி போயிருக்கும்லா.”

அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

அண்ணாச்சி துறைமுகத்துக்குப் போகும்போது வீட்டுச் சாவியை என்னிடம்தான் கொடுப்பார். அவ்வளவு நம்பிக்கை. ஒரு புட்டியில் நாலு சொட்டு மண்ணெண்ணெய் விட்டேன். ‘சீ’ என்றாவது வாயைத் திறப்பார்கள் அல்லவா? அன்றைக்கு விரல் பேச்சு இரண்டு மடங்கு நீண்டது. அடுத்த வாரம் இன்னொரு புட்டியில் கருவாடு கழுவிய தண்ணீர். வன்னியபெருமாள் கண்ணை மூடிக்கொண்டு, திரேஸ்புரத்து மீன்காரர் கரைவரைக்கும் போய்வந்தவர் மாதிரி தலையாட்டினார். சத்தம் மட்டும் இல்லை.

அப்புறம்தான் காந்தி ஜெயந்தி முதல் மதுவிலக்கு என்று தண்டோரா போட்டார்கள். அதற்கு முந்திய சனிக்கிழமை மிச்சத்தை முடித்து, கடைசித் தீர்ப்பும் சொல்லிவிடுவது என்று இருவரும் தீர்மானித்தார்கள். அதுவும் துணிக்குள்தான். அதைத் தாண்டினால் ஆயுசுக்கும் எனக்குத் தெரியப்போவதில்லை. அதனால்தான் அரளி விதையை அரைத்தேன். நாலு புட்டியிலும் சமமாகத்தான் போட்டேன். ஒன்றில் மட்டும் போட்டால் தரம் பார்க்கிறவர்களுக்கு அது அநியாயம் இல்லையா? அரளி கசக்கும் என்பார்கள். அந்தக் கசப்பையும் அவர்கள் கூரையைப் பார்த்துக்கொண்டே ரசித்தார்கள்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்த பிறகு ஒரு செம்புத் தண்ணீரோடு போனேன். நான் ஒன்றும் ஈரமில்லாதவள் அல்ல.

“தண்ணி தா, இசக்கி” என்றார் அண்ணாச்சி.

“தாரேன் அண்ணாச்சி. எது ஒசத்தின்னு ஒரு வார்த்த சொல்லிருங்க.”

நியாயமான பேச்சுதானே? டாக்டர் வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது, சொன்னதும் ஓடிப்போய் அழைத்து வருகிறேன் என்றும் சொன்னேன். அண்ணாச்சி துண்டை இழுத்து இருவர் கைமேலும் போட்டார். உள்ளே ஏதோ அசைந்தது. வன்னியபெருமாள் சிரித்தார், ஐயா. அந்த நிலையிலும் சிரித்தார்.

அசைவு நின்ற பிறகு துண்டைத் தூக்கினேன். வன்னியபெருமாளின் மூன்று விரலை அண்ணாச்சி இறுக்கிப் பிடித்திருந்தார். அது மூன்றாவது புட்டியா, மூன்றாம் தரமா என்று யோசித்து யோசித்து எனக்கே தாகம் எடுத்துவிட்டது. செம்புத் தண்ணீரை நானே குடித்தேன்.

இரண்டு பேரையும் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், ரேகை வைக்கிறேன். ஆனால் காயல்பட்டினத்தில் பழைய முத்து வியாபாரிகள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். ஏட்டு ஒருவரை அனுப்பி, மூன்று விரலுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டுவரச் சொல்லுங்கள். எனக்காகக் கேட்கவில்லை, ஐயா. நாளைக்குத் தெருவில் நாலு பேர் கேட்பார்கள்.