மஞ்சள் பொட்டலத்துக்குப் பச்சை பூசியவளுக்காக

தலைமையேற்று வீற்றிருந்து, தட்டில் வைத்த இறாலைக்கூட எடைபார்த்தே எடுக்கும் எங்கள் பேராசிரியர் லூ சிங்யுவான் அவர்களே! பிள்ளைகள் ஆய்வுக்கூடத்தில் என்னதான் செய்கிறார்கள் என்பதை அண்டைவீட்டாருக்கு விளக்க முடியாமல் விழிக்கும் தாய்மார்களே, தந்தைமார்களே! தைனான் வெயிலில் வெந்து, ஆய்வுக்கூடக் குளிரில் விறைத்து, வேதியியலுக்கு வாழ்க்கைப்பட்டிருக்கும் மாணவச் செல்வங்களே! நடுமேசையில் தலைநிமிர்ந்து வீற்றிருக்கும் ஆண்டிறுதி விருந்தின் அவித்த கோழியே! உனக்கும் என் வணக்கம்!

கோழிக்கு எதற்கு வணக்கம் என்கிறீர்களா? அதன் அலகு எந்தப் பக்கம் பார்க்கிறது, பாருங்கள்! ஆண்டிறுதி விருந்தில் கோழித்தலை யாரை நோக்குகிறதோ அவருக்கு மறுநாள் வேலையில்லை என்பது முதலாளிகள் வாய்திறவாமல் சொல்லும் செய்தி. இன்று அது வெங் சூஹான் என்னும் பெண்ணைப் பார்க்கிறது. தானாகவா திரும்பியது? வெந்த கோழிக்கு வெறுப்பு உண்டா? விருப்பு உண்டா? திருப்பிய கை எது என்று நான் அறிவேன். சிரிக்காதே தம்பி தூ போயென்! உன் விரலில் இன்னும் நெய்ப்பசை மின்னுகிறது!

அவையோரே, என் முறையீடு இதுதான். சூஹானின் ஒருமாத வெள்ளோட்டம் இன்றோடு முடிகிறது. பேராசிரியர் ஒப்பமிட வேண்டிய சேர்க்கைத்தாள் பதினொரு நாளாக அவருடைய சட்டைப்பையில் உறங்குகிறது. நாளைக் காலை அலுவலகம் திறந்ததும் அங்கே சேர வேண்டிய தாள் அது. ஒப்பம் விழுந்தால் அவள் நம்மவள். விழாவிட்டால் படிப்பையே விட்டுவிட்டு ஊருக்குப் பேருந்து ஏற வேண்டியவள்.

அப்படி என்ன குற்றம் செய்துவிட்டாள்?

மூலக்கூறுகளைப் பிடித்து எடைபோடும் நம் நிறைமானியின் தலையில் என்றும் ஒரு பச்சைப் பொட்டலம் இருக்கும். ‘சமர்த்தாய் இரு’ என்று பெயர் தாங்கிய மக்காச்சோளப் பொரி. பச்சை இருந்தால் பொறி ஓடும். மஞ்சள் இருந்தால் முனகும். சிவப்பு இருந்தால் படுத்துவிடும். முனைவர் பட்டம் பெற்றவர்களும் மூச்சுவிடாமல் நம்பும் முறை இது. நான் மட்டும் நம்பவில்லையா? போன வாரம்கூட அதைத் தொட்டுக் கும்பிட்டுத்தான் பொறியை முடுக்கினேன்!

பன்னிரண்டு நாள் முன்பு, காலையில், சூஹான் அண்ணாந்து பார்த்தாள். அலறினாள்.

“லிஃபென் அக்கா! இது காலாவதியாகி நாலு நாளாச்சு! மெஷின் கோவிச்சுக்காதா?”

நம் மூத்த மாணவி சியென் லிஃபென் நடுங்கிப் போனார். “அடியே, ஓடு! புதுசு வாங்கிட்டு வா. பச்சைதான், பச்சை மட்டும்தான்!”

ஓடினாள். ஆண்டிறுதி அல்லவா? தைனானில் உள்ள தொழிற்சாலைகளும் வங்கிகளும் தங்கள் பொறிகளுக்கென்று பச்சையை அள்ளிப் போய்விட்டன. ஏழு கடை ஏறினாள், ஏழிலும் மஞ்சளே. நீங்களும் நானும் என்ன செய்திருப்போம்? வெறுங்கையோடு வந்து வசை வாங்கியிருப்போம். சூஹான் ஒரு மஞ்சள் பொட்டலம் வாங்கினாள். கூடவே ஒரு தடித்த பச்சைப் பேனாவும் வாங்கினாள். கையுறை மாட்டி, மூலைமுடுக்கு விடாமல் பூசி, பொறியின் தலையில் முடிசூட்டினாள். மை காயாத அதே கையுறையோடு, மாதிரிகளைப் பொறிக்குள் கொண்டுபோகும் கரைப்பான் புட்டியையும் நிரப்பினாள்.

அங்கேதான், அவையோரே, ஆபத்து அமர்ந்தது!

அன்று சோதனைக்கு வந்தவை மீன்குட்டைக்காரர் லியாவ் அனுப்பிய பத்துக் குட்டைக் களவா மீன்கள். மீன்நோய்க்குச் சிலர் திருட்டுத்தனமாகக் கலக்கும் ஒரு பச்சைச் சாயம் உண்டு. தடைசெய்யப்பட்ட சாயம். பத்து மீனிலும் அதே சாயம்! போயென் தொலைபேசியை எடுத்தான்.

“லியாவ் அண்ணே, பத்துக் குட்டையிலயும் சாயம் இருக்கு.”

“டேய் தம்பி, நான் போடுற தீனியை என் பேரன் எடுத்துத் தின்னாக்கூடப் பயப்பட மாட்டேன். எங்கேருந்துடா வந்துச்சு சாயம்?”

“மெஷின் பொய் சொல்லாதுண்ணே.”

“அப்ப நான் சொல்றேனா?”

மாலை ஐந்து மணிக்கு அறிக்கை போக வேண்டும். போனால் அறுபதாயிரம் மீனும் குழியில் புதையும். அந்த மனிதரின் பெயரும் அதே குழியில் புதையும். எல்லோரும் மீனையே பார்த்துக்கொண்டிருந்தபோது சூஹான் மட்டும் ஒரு குப்பியில் தூய நீரை எடுத்தாள். மீன் இல்லை, மருந்து இல்லை, வெறும் நீர். அதைப் பொறிக்குள் ஓடவிட்டுப் போயெனைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, வெறும் தண்ணியிலயும் சாயம் இருக்கு.”

“வெறும் தண்ணிக்கு எதுக்கும்மா மீன் மருந்து?”

சூஹான் பொட்டலத்தைப் பார்த்தாள். தன் கையுறையின் விரல்நுனியைப் பார்த்தாள். புட்டியைப் பார்த்தாள். அந்த நேரத்தில் அவள் என்ன செய்திருக்கலாம்? புட்டியை மாற்றியிருக்கலாம். பொட்டலத்தைப் பைக்குள் திணித்திருக்கலாம். ‘பொறிக்கு என்னவோ ஆகிவிட்டது’ என்று உதடு பிதுக்கியிருக்கலாம். யாருக்குத் தெரியும்? யார் கேட்பார்கள்? அவளோ எழுந்து நின்றாள்.

“ரிப்போர்ட் அனுப்பாதீங்க. சாயம் லியாவ் அண்ணன் குட்டையில இல்ல, என் கையில இருக்கு.”

“என்ன பண்ணித் தொலைச்ச?”

“மஞ்சளுக்குப் பச்சை அடிச்சேன். அந்தப் பேனா மையிலயும் அதே சாயம்தான்.”

“அடிப்பாவி, மெஷினையே ஏமாத்தப் பாத்தியா?”

“அதுதான் ஏமாறலையே அண்ணே. உள்ள இழுத்து எடைபோட்டுக் காட்டிக்குடுத்துடுச்சே!”

கைதட்டுங்கள் தாய்மார்களே, தட்டுங்கள்! மூன்று நாள் கழுவினோம். மீண்டும் அளந்தோம். லியாவின் மீன் பளிங்கு. அவர் கொடுத்தனுப்பிய களவாதான் உங்கள் தட்டில் இஞ்சியோடு ஆவி பறக்கிறது. உண்டீர்களே, உப்பிட்டவளை மறந்தீர்களே!

ஆனால் பேராசிரியர் என்ன சொன்னார்? “கை சுத்தமில்லாத பொண்ணை எப்படிய்யா சேர்க்கிறது?” என்றார்.

கை! நாம் எல்லோரும் எந்தக் கையோடு இந்தக் கூடத்துக்குள் வந்தோம்? போயென் எப்படி வந்தான்? பொருள்களை உருவாக்கும் கூடத்தில் மூன்று குடுவைகளை உடைத்து, ‘நீ எதையும் செய்யாதே, யாரோ செய்ததை அளந்துகொண்டிரு’ என்று துரத்தப்பட்டு வந்தான். லிஃபென் எப்படி வந்தார்? தேநீர்க்கடையில் நான்காண்டு அரைச்சர்க்கரை, கால்சர்க்கரை என்று அளந்து அலுத்து வந்தார். சூஹான், மீன்குட்டைகளில் காற்றூட்டும் சக்கரங்களைப் பழுதுபார்ப்பவரின் மகள். மீன் செத்தால் ஒரு வீடு எப்படி ஓசையின்றி அழும் என்பதைக் கேட்டு வளர்ந்து வந்தவள். அதனால்தான் ஐந்து மணிக்கு முன்னே எழுந்து நின்றாள்!

சரி, நான் எப்படி வந்தேன்? கடல்கடந்து, பெட்டியில் அம்மா வைத்த தேங்காயெண்ணெயோடு வந்தேன். ஐயா பேராசிரியரே, கொஞ்சம் தேநீர் அருந்திக்கொள்ளுங்கள்! பதினொரு ஆண்டுக்கு முன் எல்லா மாதிரியிலும் பதினேழாம் நிமிடத்தில் பொறியின் வரைபடத்தில் காரணமில்லாமல் ஒரு முகடு எழும்பியதே, நினைவிருக்கிறதா? ‘பதினேழாம் நிமிடப் பேய்’ என்று பெயர் வைத்தீர்கள். குழாயை மாற்றினீர்கள். தண்ணீரை மாற்றினீர்கள். ஊதுவத்தியும் கொளுத்தினீர்கள். இரண்டு மாதம் கூடமே முடங்கிற்று. ஒருநாள் பேய் ஓடிப்போயிற்று. அதே வாரம் நான் மொட்டையடித்து வந்தேன். வேண்டுதல் என்றேன். வாழ்த்தினீர்கள்.

வேண்டுதல் இல்லை ஐயா. அந்தப் பேய் என் தலையில் இருந்தது. குனிந்து குனிந்து குப்பி நிரப்பிய என் தலையெண்ணெய்! மூன்றாம் வாரமே எனக்குத் தெரியும். சொல்லவில்லை. சேர்க்கைத்தாளில் உங்கள் ஒப்பம் அப்போது விழவில்லை என்ற அச்சம்.

“அடப்பாவி, நீயா?” என்கிறீர்கள். நானேதான்! பதினொரு ஆண்டில் எனக்கு எழாத நா, ஒரே பிற்பகலில் இந்தப் பெண்ணுக்கு எழுந்தது. கறை படாத கையையா தேடுகிறீர்கள்? கடைவீதியில் பெட்டிபெட்டியாய் விற்கிறார்கள் கையுறை! கறை பட்டதும் அதை உயர்த்திக் காட்டும் கை எத்தனை பேருக்கு உண்டு? அந்தக் கையை வாயிலில் நிறுத்திவிட்டு உள்ளே எதை அளக்கப் போகிறோம்?

தம்பி போயென், எழுந்திரு. கோழித்தலையை என் பக்கம் திருப்பு. இன்னும் கொஞ்சம். ஆம், அப்படியே.

பொறுமையோடு செவிமடுத்த பெரியோருக்கும், குழம்பு ஆறியும் கோபிக்காத தாய்மார்க்கும் என் நன்றியும் வணக்கமும். பேராசிரியரே, சட்டைப்பையிலிருந்து தாளை எடுங்கள். எழுதுகோல் இல்லையா? இதோ, அவள் வாங்கிய அதே பச்சைப் பேனா. பக்கத்தில் பொறி ஏதும் இல்லை, அஞ்ச வேண்டாம். மூடியைக் கழற்றிவிட்டேன். ஒப்பமிடுங்கள், இப்போதே!