இரண்டு சொந்த மெட்டுகள்

மத்தியாஸ்: நான் ஒண்ணும் சொல்லல. நீதான் முழிக்கிற, அக்கா.

கத்தரீனா: முழிக்கிறேனா? நான் எதுக்குடா முழிக்கணும்? யாரு வீட்டுக் கோழியத் திருடினேன்?

மத்தியாஸ்: மெதுவா பேசு. கதவுக்கு அங்கிட்டுதான் ஃபாதர் இருக்காரு.

கத்தரீனா: அவருக்கு எங்க கேக்கப் போகுது? ஹெட்ஃபோன மாட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு.

மத்தியாஸ்: எங்க ஃபோன் கடையில வாங்கினதுதான். இருக்கிறதுலயே பெருசா ஒண்ணு கேட்டாரு. பிரசங்கம் கேக்கவாம்.

கத்தரீனா: பாவம், நல்ல மனுசன். அவரு இப்ப நம்மகிட்ட என்ன கேட்டாருன்னு ஒருக்கா சொல்லு.

மத்தியாஸ்: "காணிக்கைப் பாட்டு, நற்கருணைப் பாட்டு, ரெண்டும் ஒரே ஆள் போட்ட மெட்டு மாதிரி இருக்கே. அக்கா தம்பியில யாரு யாரப் பார்த்து அடிச்சது?"

கத்தரீனா: அதேதான். காணிக்கைப் பாட்டு மெட்டு உன்னோடது. நற்கருணைப் பாட்டு என்னோடது. அப்ப பார்த்து அடிச்சது யாரு?

மத்தியாஸ்: நீ.

கத்தரீனா: செருப்பு!

மத்தியாஸ்: என்னோடது தவக்காலத்துக்கு முந்தியே வந்திருச்சி. உன்னோடது மே மாசம். கணக்கு நீயே பாரு, டீச்சர்.

கத்தரீனா: எனக்கு அது தென்னகும்புர பாலத்துல பஸ் நின்னப்ப வந்திச்சி. அப்படியே... மேல இருந்து.

மத்தியாஸ்: மேல இருந்தா? பஸ்ஸுக்குக் கூரை இல்லையா?

கத்தரீனா: நக்கல் பண்ணாத. நாலு மணிக்கு ஆட்டோக்கார கஜேந்திரன் இந்த ஃபாரத்த எடுத்துக்கிட்டு கண்டிக்குப் போகணும். சனிக்கிழமை கோயில் கொயர்களோட பாட்டுப் போட்டி. பிஷப் முன்வரிசையில உக்காந்திருப்பாரு. கையெழுத்த வை.

மத்தியாஸ்: எங்க?

கத்தரீனா: இங்க. "இப்பாடலின் இசை எனது சொந்தப் படைப்பு என உறுதி கூறுகிறேன்." கீழ கோடு போட்டிருக்கு பாரு.

மத்தியாஸ்: நீ மொதல்ல வை. மூத்தவ.

கத்தரீனா: நீ வை. ஆம்பள.

மத்தியாஸ்: பேனா எழுதல.

கத்தரீனா: மூடியக் கழட்டு.

மத்தியாஸ்: அக்கா... ஒண்ணு சொல்லுவேன். கத்தக்கூடாது. கோயில் வளவு இது.

கத்தரீனா: நீ மொதல்ல சொல்லு. கத்துறதா இல்லையான்னு நான் பார்த்துக்கிறேன்.

மத்தியாஸ்: காணிக்கைத் தட்ட யாரு கொண்டு போறா? அல்போன்ஸ் மாமா. அவருக்கு முழங்கால் வலி. பின்வரிசைக்குப் போக எட்டு நிமிஷம். பாட்டு மூணு நிமிஷத்துல முடிஞ்சிருது. மிச்சம் அஞ்சு நிமிஷத்துக்கு கீபோர்ட்ல நான் என்னத்த வாசிக்கிறது?

கத்தரீனா: எதையாவது வாசிக்கிறது.

மத்தியாஸ்: அதுதான் வாசிச்சேன். எதையாவது. கை தானா அதுக்குப் போயிருச்சி. மத்த வாரம் எல்லாரும் வந்து "அருமையா இருந்திச்சி தம்பி, நீயா போட்டது?"ன்னு கேட்டாங்க. ஷிராணி அக்கா அழுதிருந்தாங்க. நான் தலைய ஆட்டிட்டேன்.

கத்தரீனா: கை எதுக்குப் போயிருச்சி?

மத்தியாஸ்: ...இரும்புக் கழுத்து.

கத்தரீனா: தலைவெட்டியா?!

மத்தியாஸ்: கத்தாத! நீ வச்ச பட்டப்பேர விடு. அந்த ஜப்பான் அனிமே பேரு "இரும்புக் கழுத்து".

கத்தரீனா: எபிசோட்டுக்கு ஏழு தலை உருளுமே, அந்தக் கண்றாவியா?

மத்தியாஸ்: தலை உருளுறப்ப வர்ற மெட்டு இல்ல அக்கா. ஹீரோ அவன் அம்மாவ அடக்கம் பண்ணுறப்ப வர்றது. ரொம்ப பக்தியா இருக்கும்.

கத்தரீனா: ...சரி. அது கொஞ்சம் பரவால்ல.

மத்தியாஸ்: அடக்கம் பண்ணிட்டுத்தான் வெட்டுவான்.

கத்தரீனா: ஐயோ மாதாவே! அதுக்கு நான் வரி எழுதினேன்டா! பதினெட்டுப் பேரு கண்ண மூடிக்கிட்டுப் பாடுறோம்!

மத்தியாஸ்: நீ கண்டுபிடிச்சிருவியோன்னு நான் மூணு மாசம் பயந்துக்கிட்டே வாசிச்சேன்.

கத்தரீனா: நான் எங்க கண்டுபிடிக்கிறது? உன் தலைவெட்டியில நான் கேட்டது அந்த ஆரம்பப் பாட்டு மட்டுந்தான். குசினியில சட்டி கவுந்த மாதிரி டமார்னு தொடங்கும். அதோட எந்திரிச்சிப் போயிருவேன். உலகத்துலயே எனக்குப் புடிக்காத அனிமே அதுதான். அதோட மியூசிக் போட்டவனுக்கு காது கேக்காதுன்னு அன்னைக்கே சொன்னேன்ல?

மத்தியாஸ்: சொன்னே. இப்ப அந்தக் காது கேக்காதவன் பாட்ட பிஷப்புக்கு முன்னால பாடப் போற... இரு. இரு இரு.

கத்தரீனா: என்ன?

மத்தியாஸ்: நான் களவெடுத்தது சரி. அப்ப உன்னோடது எப்படி அதே மாதிரி இருக்கு?

கத்தரீனா: தென்னகும்புர பாலத்துல...

மத்தியாஸ்: அக்கா.

கத்தரீனா: பஸ் நின்னப்ப...

மத்தியாஸ்: பஸ் நின்னப்ப காதுல என்ன ஓடிக்கிட்டு இருந்திச்சி?

கத்தரீனா: ...பூனை ஸ்டேஷன்.

மத்தியாஸ்: அந்தத் தூங்குமூஞ்சி அனிமேயா!

கத்தரீனா: வாய அலம்பிட்டுப் பேசு. அத மாதிரி ஒண்ணு இனி வராது.

மத்தியாஸ்: என்னத்த வர்றது? ஒரு பொண்ணு, ஒரு பூனை, ஒரு டீ கேத்தல். இருபத்தி நாலு எபிசோட்டுக்கு ரயிலே வரல!

கத்தரீனா: ரயில் வராது. அதுதான் கதை.

மத்தியாஸ்: அதுக்கு நான் ஸ்டேஷன்ல போய் நின்னுக்குவேன். அதே கதைய ஓசியில பார்க்கலாம். எனக்குப் புடிக்காத அனிமே எதுன்னு கேட்டா கண்ண மூடிக்கிட்டு அதத்தான் சொல்லுவேன்.

கத்தரீனா: உனக்கு எதுல ருசி இருந்திச்சி? அந்தப் பொண்ணு கேத்தல அடுப்புல வைக்கிறப்ப ஒரு பியானோ வரும் பாரு... அதத்தான் கொஞ்சம் மெதுவாக்கி...

மத்தியாஸ்: கேத்தல் கொதிக்கிற மெட்டையா நாங்க நற்கருணை எடுக்குறப்ப பாடிக்கிட்டு இருந்தோம்?

கத்தரீனா: உன்னோட தலைக்கு என்னோட கேத்தல் எவ்வளவோ மேல்.

மத்தியாஸ்: அப்ப ஏன் ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு? ஃபோன எடு. உன்னோடதுல கடைசியா பேரு ஓடும்ல, அதப் போடு. நான் என்னோடதப் பார்க்கிறேன்.

கத்தரீனா: இரு... இசை... ஹினோகுமா.

மத்தியாஸ்: என்னது? இன்னொருக்கா சொல்லு.

கத்தரீனா: என்னடா? உன்னோடதுல என்ன போட்டிருக்கு?

மத்தியாஸ்: ஹினோகுமா.

கத்தரீனா: வேற ஹினோகுமாவா இருக்கும்.

மத்தியாஸ்: பேரக் கேட்டா குருணாகல் பக்கம் ஒரு ஊரு மாதிரி இருக்கு. இந்தப் பேருல ரெண்டு ஆளு வேற இருப்பாங்களா? இந்தா, படமும் போட்டிருக்கு. மொட்டைத் தலை, மூக்குக்கண்ணாடி. உன்னோடதுலயும் அதே மொட்டைதான்.

கத்தரீனா: அப்ப நான் தலையில தூக்கி வச்சி ஆடுற ஆளும், நான் காறித் துப்புற ஆளும்...

மத்தியாஸ்: ஒரே மொட்டை. காலையில பூனைக்கு, பின்னேரம் தலைக்கு.

கத்தரீனா: சிரிக்காத. எனக்கு அழுகையா வருது.

மத்தியாஸ்: ஏய்... அக்கா. சும்மா சொன்னேன். அழாத.

கத்தரீனா: ஆறு வருஷமா இந்தக் கொயர இழுத்துக்கிட்டு வர்றேன். மேடையில ஒரு தடவையாவது நம்ம கோயில் பேரச் சொல்லணும்னு ஆசை. அவ்வளவுதான். அதுக்கு நானும் உக்காந்து உக்காந்து பார்த்தேன்டா. எனக்கு மெட்டு வரல. எவ்வளவு யோசிச்சாலும் வரல. உனக்கு வந்திருச்சின்னு நெனச்சப்ப பொறாமையா வேற இருந்திச்சி.

மத்தியாஸ்: எனக்கும் வரல. வந்திருந்தா நான் ஏன் கடையில சார்ஜர் விக்கிறேன்?

கத்தரீனா: பதினெட்டுப் பேரும் நீலத்துல சாரி, சேர்ட்டு எல்லாம் தைச்சிட்டாங்க. இப்ப போய் என்னன்னு சொல்றது?

மத்தியாஸ்: உள்ளத சொல்லுவோம். கையெழுத்து வச்சிட்டு பிஷப் மூஞ்சியில முழிக்க என்னால ஏலாது.

கத்தரீனா: என்னாலயும் ஏலாது... ஆனா தலைவெட்டின்னு மட்டும் சொல்லிறாத. அந்த மனுசன் தாங்க மாட்டாரு.

மத்தியாஸ்: கதவு தொறக்குது. கண்ணத் தொடச்சிக்க.

ஃபாதர்: என்ன பிள்ளைங்களா, எழுதியாச்சா? கஜேந்திரன் வெளிய நிக்கிறான்.

கத்தரீனா: இல்ல ஃபாதர். ரெண்டு மெட்டும் எங்களோடது இல்ல. மன்னிச்சிருங்க.

ஃபாதர்: ...அப்ப யாரோடது?

மத்தியாஸ்: ஜப்பான்காரர் ஒருத்தர் போட்டது, ஃபாதர். அனிமேன்னு சொல்லுவாங்க. கார்ட்டூன் மாதிரி. உங்களுக்குத் தெரியாது.

ஃபாதர்: ம்ம்... எந்த அனிமே?

கத்தரீனா: ஒரு... பூனைக் கதை ஃபாதர். ரொம்ப அமைதியா இருக்கும்.

ஃபாதர்: ரெண்டு பாட்டுமா?

மத்தியாஸ்: ரெண்டுமே பூனைதான், ஃபாதர்.

ஃபாதர்: ஓ. பூனையா. அது நான் பார்த்ததில்ல... நல்லது. நேரத்தோட சொன்னீங்க. பொய்க் கையெழுத்த விட இது எவ்வளவோ மேல்.

கத்தரீனா: அப்ப நாங்க போட்டிக்குப் போக ஏலாதா, ஃபாதர்?

ஃபாதர்: ஏன் ஏலாது? பழைய பாட்டுக்கும் ஒரு பிரிவு இருக்கே. அதுல பாடினாலும் மேடையில கோயில் பேரச் சொல்லுவாங்கதானே? அழாத மகள். ஆனா... சொந்த மெட்டுதான் வேணும்னா...

மத்தியாஸ்: வேணும்னா?

ஃபாதர்: எங்கிட்ட ஒண்ணு இருக்கு. நானே போட்டது. குளிக்கிறப்ப வந்திச்சி. வருகைப் பாட்டுக்கு நல்லா இருக்கும்னு நெனச்சேன்... சொல்ல வெக்கமா இருந்திச்சி.

கத்தரீனா: ஐயோ ஃபாதர்! பாடுங்க ஃபாதர்!

ஃபாதர்: சிரிக்கக்கூடாது. ம்ம்ம்... ம்ம் ம்ம்... ம்ம்ம்ம்ம்... ம்ம் ம்ம்... என்ன? ரெண்டு பேரும் ஏன் அப்படிப் பார்க்கிறீங்க?

மத்தியாஸ்: நான் ஒண்ணும் சொல்லல. அக்கா, நீ சொல்லு.

கத்தரீனா: ஃபாதர்... கோபிக்காதீங்க. இதுக்கு முன்னால, ஆக ஆரம்பத்துல, குசினியில சட்டி கவுந்த மாதிரி டமார்னு ஒரு சத்தம் வரணுமே?

ஃபாதர்: ...பேனாவக் குடு மகள், பழைய பாட்டுப் பிரிவுலயே எழுதிருவோம். அப்புறம், அது சட்டி இல்ல. மொதல் தலை விழுற சத்தம்.