தோர்கிரிம் தூக்கி வந்த பிள்ளை

நாலு மணிதான். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், நம் பனிநாட்டில் நாலு மணி என்றால் கும்மிருட்டு. மலையிலிருந்து இறங்கும் ஒற்றைச் சாலை... கண்ணுக்கெட்டிய வரை ஒரு விளக்கு கிடையாது.

ஆஸ்லாக், சிரிக்காதே. சிரிப்பு வருகிறவன் போய்க் கதவைத் தாழ் போட்டுவிட்டு வா. மற்றவர்கள் நெருங்கிப் படுங்கள், வைக்கோல் எல்லோருக்கும் இருக்கிறது.

இது என் சிநேகிதி சுன்னிவாவின் சித்தப்பா தோர்கிரிமுக்கு நடந்தது. பெண்டாட்டி செத்துப்போய், ஒரே பிள்ளையை வைத்துக்கொண்டிருந்த மனுஷர். மகள் இங்குனுக்கு அப்போது ஏழு வயது. அனல் காய்ச்சல். டாக்டரிடம் காட்டக் காரில் கிளம்பினார். பாதி வழியில் வண்டி பனியில் புதைந்துவிட்டது. பக்கத்தில் இருந்தது ஒரே வீடு. ஊர்க்காரர்கள் பழமை மாறாமல் காத்துவருகிறார்களே, அந்த மரவீடு. சாவி சித்தப்பாவிடம்தான். அன்று காலையில்தான் அவரே போய், வருஷா வருஷம் செய்வதுபோல மேஜையில் கஞ்சியும் பீரும் வைத்து, கட்டிலில் புது விரிப்புப் போட்டு, தரையில் வைக்கோல் பரப்பிவிட்டு வந்திருந்தார். உங்களுக்குத் தெரியாததா... செத்தவர்கள் வீடு திரும்புகிற ராத்திரி இது; கஞ்சியும் கட்டிலும் அவர்களுக்கு. உயிரோடு இருப்பவர்களுக்கு வைக்கோல்.

ஆனால் பெற்ற மனசு கேட்குமா? நடுங்குகிற பிள்ளையைத் தரையில் போடுவதா? "யாரு வந்து கேக்கப்போறாங்க? நீ கட்டில்ல படு கண்ணு" என்று ஆட்டுத்தோலைப் போர்த்திவிட்டு, அவர் மட்டும் கீழே படுத்தார்.

விழிப்பு வந்தபோது விளக்கு அணைந்திருந்தது. ஈர மண் வாசனை... வெளியே மண்ணெல்லாம் கல்லாக உறைந்து கிடக்கிற மாசத்தில், ஈர மண் வாசனை. மேஜைப் பக்கம் 'கிர்ர்... கிர்ர்...' என்று கரண்டி கிண்ணத்தைச் சுரண்டும் சத்தம். அப்புறம் அதுவும் நின்றது.

சித்தப்பா இருட்டில் கையால் துழாவினார். பக்கத்தில், வைக்கோலில், பிள்ளை. அதே பின்னல், அதே கம்பளிச் சட்டை. நெற்றியைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. அப்பாடா, காய்ச்சல் விட்டுவிட்டது என்று அள்ளி அணைத்துக்கொண்டார்.

அப்போது, கட்டிலிலிருந்து...

"அப்பா... உடம்பெல்லாம் கொதிக்குதுப்பா."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பார்? கட்டிலில் கிடப்பது செத்தது, வைக்கோலில் கிடப்பது உயிர்... சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்தது அதுதானே. கையில் இருந்ததைத் தூக்கிக்கொண்டு பனியில் இறங்கி ஓடினார்.

பின்னால் அழுகை. "அப்பா, நான் இங்க இருக்கேன்பா... என்னை விட்டுட்டுப் போறீங்களே..."

விடிந்ததும் ஊர்க்காரர்கள் போய்ப் பார்த்தார்கள். கஞ்சிக் கிண்ணம் காலி. கட்டில் காலி. தலையணை மட்டும் வேர்வையில் நனைந்து... இன்னும் சூடாக இருந்தது.

இங்குன் வளர்ந்துவிட்டாள். அதற்கப்புறம் அவளுக்கு ஒரு நாளும் காய்ச்சல் வந்ததில்லை. நல்ல பெண். இன்று சுன்னிவாவோடு வந்திருக்கிறாள். சாப்பிடும்போது உங்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாளே, அவள்தான். வைக்கோல் பரப்பும்போது அவளையும் கூப்பிட்டேன். "எனக்கு எதுக்கு? நான் மேல படுத்துக்கறேன்" என்று மாடிக்குப் போய்விட்டாள்.

மாடியில் இருப்பது, செத்தவர்களுக்கென்று சாயங்காலம் நாம் விரித்து வைத்த கட்டில் ஒன்றுதான்.