றமேஸ் களவெடுத்த தூள்

இது நம்முடைய சாந்தனின் தங்கை புருஷன் றமேசுக்கு நடந்தது. சிரிக்கிறவர்கள் இப்போதே எழும்பி வீட்டுக்குப் போகலாம்... தனியாக.

விடியப்புறம் நாலரை மணி. ஒரேத்தோ வீதியில் ஈ காக்கை இல்லை. மழை விட்ட தெரு. றமேஸ் ஆய்வுகூடம் கழுவப் போய்க்கொண்டிருந்தான். வேலை நிலம் துடைப்பது. ஆனால் பல்லரோச் சந்தையில் நின்று அவன் அளப்பதைக் கேட்டால், ஆராய்ச்சியே அவன் தலைமையில்தான் நடக்கிறது என்று நினைப்பீர்கள்.

அங்கே மாட்டுக் கருமுட்டைகளைச் சூட்டுப் பெட்டியில் வைத்து முற்ற வைக்கிறார்கள். முட்டை முற்றச் சீனி வேண்டும். இன்சுலின் வந்து சொன்னால்தான், முட்டையைச் சுற்றியுள்ள உயிர்க்கலங்கள் சீனியை எடுக்குமாம். அங்கே ஒரு வெள்ளைத் தூள் இருக்கிறது... இன்சுலின் இல்லை. இன்சுலின் மாதிரி வேஷம் போடும். கலங்கள் ஏமாந்து சீனியை விழுங்கும், முட்டை முற்றும். அளவு தப்பினால் பாழ். அங்கே வேலை செய்யும் பெண்மணி ஒருநாள் பொழுதுபோகாமல் சொன்னது இது. அவனுக்குப் பாதிதான் காதில் ஏறியது.

அவனுக்கும் நிரோசினிக்கும் எட்டு வருடமாகப் பிள்ளை இல்லை. தன்னைச் சோதிக்கச் சொன்னால் பாய்ந்து விழுவான். பழி முழுக்க அவள் தலையில். மூன்று மாதமாக அந்தத் தூளைக் களவெடுத்து, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், தேத்தண்ணியில் கலந்து கொடுத்தான். அற்பப் பிறவி.

அன்று துடைத்துக்கொண்டிருக்கும்போது, பின்னால் ஒரு செருமல்... அவனுடைய செருமலே. திரும்பினான். ஒருவரும் இல்லை. சூட்டுப் பெட்டி ஆவென்று திறந்து கிடந்தது. தட்டில் ஒரு முட்டையும் இல்லை. பச்சை இரத்தத்தின் இளஞ்சூட்டு வாடை. அந்த வீரன் என்ன செய்தான்? பெட்டியைச் சாத்திவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போல வேலையை முடித்தான்.

ஏழு மணிக்கு வீடு. சாவி திரும்பியது. கதவு ஒரு விரலளவு திறந்து நின்றது... உள்ளே சங்கிலி.

"நிரோ, கதவைத் திற."

அவளுடைய காலடி வந்தது. நின்றது.

"ஆர்?"

"நான்தான், விசரி!"

உள்ளே ஒரு செருமல்.

"ஆரப்பா உது, விடியவெள்ளண்ண?"

அவனுடைய குரல். இடுக்கால் பார்த்தான். இடுப்பில் அவனுடைய சாரம், அவனுடைய முதுகு. மேசையில் இரண்டு கோப்பையில் ஆவி பறந்தது.

எடுத்தான் ஓட்டம். பெண்சாதியை அதனோடு விட்டுவிட்டு ஓடினான்! இப்போது மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறான். நான்தான் நிசமான றமேஸ் என்று காண்கிறவர்களிடமெல்லாம் அழுகிறான். நம்பினாலும் யாருக்கு அவன் வேண்டும்?

நிரோசினிக்கு இப்போது ஏழு மாதம். வீட்டில் இருப்பது சமைக்கிறது, பையைத் தூக்குகிறது, கால் வீங்கியிருக்கிறதா என்று கேட்கிறது. போன கிழமை அது குசினிக்குள் நின்றபோது, சாந்தன் தங்கையின் காதில் சொன்னான்.

"தங்கச்சி, நிசமான றமேஸ் மொண்டெல்லோவிலை நிக்கிறான். உள்ளை நிக்கிறது ஆரெண்டு தெரியேல்லை. இப்பவே என்னோடை வெளிக்கிடு."

அவள் வயிற்றைத் தடவிக்கொண்டே சிரித்தாளாம்.

"அண்டைக்கு விடியப்புறம் உள்ளை நிக்கிற உவர் வந்து தட்டேக்கையே, இது அவரில்லையெண்டு தெரியும், அண்ணை. தெரிஞ்சுதான் திறந்தனான்."