பேர் எழுதாத குழாய்

மன்னாரிலிருந்து முருங்கன் போகிற பஸ்ஸில், சால்வையால் தலையை மூடியிருந்த ஒரு பெண் எனக்கு முன் சீற்றில் இருந்து சொன்னாள்: "என்ரை ரத்தத்தை எடுத்து என்ரை தலைக்கே குத்தப் போகினம். அதுக்கேன் மச்சாள் பயம்?"

நான் முன் சீற்றுப் பக்கம் காதைக் கொடுத்தேன்.

பக்கத்தில் இருந்த மச்சாள் கேட்டாள்: "முடி கொட்டுதெண்டு நீ முதல் போய்ப் பாத்த கிளினிக்கை ஏன் விட்டனீ? நல்ல வடிவான இடமெண்டாய்."

"வடிவுதான். முடி கட்டாயம் வளருமெண்டும் சொன்னவை. ஆனா மூண்டு பெண்டுகளின்ரை ரத்தம் ஒரே தட்டிலை இருந்தது. ஒரு குழாயிலையும் பேரில்லை. எது ஆரின்ரை எண்டு கேட்டன். 'எங்களுக்குத் தெரியும் அக்கா' எண்டு அங்கை வேலைக்கு நிண்ட பிள்ளை சிரிக்குது."

"நீ என்ன சொன்னனீ?"

"ஊருக்குத் திரும்பி வந்த நாள் தொட்டு நண்டுக் கொம்பனியிலை வேலைக்கு நிக்கிறன். ஆரின்ரை வள்ளத்து நண்டெண்டு எழுதாமல் ஒரு பெட்டி என்ரை கையைத் தாண்டினதில்லை. நண்டுக்கு இருக்கிற பேர் என்ரை ரத்தத்துக்கு இல்லையோ எண்டு கேட்டுட்டு எழும்பி வந்திட்டன்."

மச்சாள் வாயைப் பொத்திச் சிரித்தாள். "அப்ப மற்ற இடம்?"

"அங்கை டொக்டரம்மா முதல்லை ரத்தம் சோதிச்சவ. அந்தக் குழாயிலையே பேர் எழுதி, என்ரை கையிலை தந்து வாசிக்கச் சொன்னவ. முடி வளராமலும் விடலாம், யோசிச்சு வாங்கோ எண்டவ. வாற கிழமை அங்கைதான் போறன்."

"வளராட்டி?"

"வளராட்டி இதுதான் என்ரை தலை."

முருங்கனில் அவள் இறங்கும்போது சால்வை தோளில் கிடந்தது.