துரை உட்கார்ந்த வாசல்

நடு ராத்திரி. குடிசைகள் முடிந்து குப்பைமேடு தொடங்கும் தெரு... ஒரு விளக்கும் எரியாது. என் நண்பனின் சித்தப்பா நாயைச் சங்கிலியில் பிடித்தபடி தனியாக நடந்து வந்தார். டார்ச்சை அணைத்துவிட்டுக் கிட்ட வாருங்கள், சொல்கிறேன்.

சித்தப்பாவுக்குப் போலீசில் மோப்ப நாய் பழக்கும் வேலை. நாயின் பெயர் துரை. போதைச் சரக்கு மணந்தால் அது குரைக்காது. உட்கார்ந்துவிடும், அவ்வளவுதான். "சம்பளம் எனக்கு, சல்யூட் அதுக்கு" என்று சித்தப்பா சிரிப்பார்.

அதே தெருவில் முன்பு ஒரு ரெய்டு. கஞ்சாக் கும்பல் முன்கூட்டியே தப்பிவிட்டது. "வெறுங்கையோட திரும்ப முடியாது. ஏதாவது ஒரு வாசல்ல உட்கார வைய்யா" என்றார் இன்ஸ்பெக்டர்.

எதிரே இருந்தது செருப்புத் தைக்கிறவர் வீடு. துரையின் அறுந்த கழுத்துப்பட்டையைக் காசு வாங்காமல் தைத்துக் கொடுத்தவர். சித்தப்பா யாருக்கும் தெரியாமல் நாயின் இடுப்பில் கட்டைவிரலை அழுத்தினார்... துரை உட்கார்ந்தது. இன்ஸ்பெக்டரின் பையிலிருந்த பொட்டலம் உள்ளே போய் வெளியே வந்தது. செருப்புத் தைக்கிறவரையும் அவர் மகனையும் வேனில் ஏற்றினார்கள்.

செருப்புத் தைக்கிறவர் சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தார். "நாய் பொய் சொல்லாது சார்... நீங்க அழுத்தினதை நான் பார்த்தேன்" என்றார்.

சிறையிலேயே செத்தும் போனார். மகன் இன்னும் உள்ளே. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கோர்ட்டில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று சித்தப்பா தினமும் நினைப்பார். வேலை போய்விடுமே என்று தினமும் வாயை மூடிக்கொள்வார். சோறு இறங்கவில்லை.

அந்த ராத்திரி, தூக்கம் வராமல் துரையோடு நடந்தவர் வந்து நின்றது அதே வாசல். பூட்டிக் கிடந்த வீடு. உள்ளே... டொக். டொக். தோலில் ஆணி இறங்கும் சத்தம். செருப்பு ஒட்டுகிற சொல்யூஷன் வாடை, இப்போதுதான் டப்பாவைத் திறந்ததுபோல. சிரிக்காதே மச்சான், பூட்டு துருப்பிடித்திருந்தது.

துரை நின்றது. கதவைப் பார்க்கவில்லை. திரும்பிச் சித்தப்பாவை மேலும் கீழும் மோந்தது... அவர் முன்னால் உட்கார்ந்தது.

"எழுந்திருடா. எங்கிட்ட ஒண்ணுமில்ல."

நாய் அசையவில்லை. உள்ளே சத்தம் நின்றது.

அப்போது அவர் இடுப்பில், பின்னாலிருந்து... ஒரு கட்டைவிரல். பலமாக அல்ல. நாய்க்கு எவ்வளவு அழுத்துவாரோ, அவ்வளவுதான். முழங்கால் தானாக மடங்கியது. துரைக்கு எதிரே அவரும் உட்கார்ந்தார்.

விடிந்ததும் தேடி வந்தவர்கள் அவரை அப்படியேதான் கண்டார்கள். "நான்தான் அழுத்தினேன்... நான்தான்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாராம். வீட்டில் சித்தி சட்டையைக் கழற்றினாள். மற்ற இடமெல்லாம் சட்டை கழன்று வந்தது. இடுப்பில் மட்டும், ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு, துணி தோலோடு ஒட்டியிருந்தது.