சர்க்கரை இருந்தது, தாய்ச்செல் இல்லை

இந்த இரத்ததான முகாமுக்குத் தலைமையேற்றிருக்கும் ஆலை அதிபர் ஐயா சென்னகிருஷ்ணன் அவர்களே, பெரியநாயக்கன்பாளையத்துப் பெரியோர்களே, பிள்ளையை மடியிலும் பாரத்தை மனத்திலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் முன் தலைகுனிந்து நிற்கிறேன்.

நான் அருள்குமார், உயிரியல் ஆசிரியன். எலும்பு மஜ்ஜைக்குள் தாய்ச்செல்கள் இருக்கின்றன. காற்றுக் குறைந்த அந்தக் கருவறையில், பிராணவாயுவுக்கு அதிகம் கையேந்தாமல், சர்க்கரையைச் சிறுகச் சிறுகப் பிளந்து சிக்கனமாய்ச் சக்தி பெறுகின்றன. கொஞ்சம் உண்டு, கோடி இரத்த அணுக்களை ஈன்றெடுக்கின்றன. இதைப் பன்னிரண்டு ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியவன் நான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், என் அக்கா பாவாத்தாளின் எலும்புக்குள் அந்தத் தாய்கள் அழிந்துகொண்டிருந்தன. "தம்பியின் மஜ்ஜை பொருந்துகிறது, உடனே வேண்டும்" என்றார் டாக்டர். எனக்கோ அந்த மாதக் கடைசியில் கல்யாணம்.

அம்மா நஞ்சம்மாள் சொன்னார்: "மாப்பிள்ளைக்கு இடுப்பெலும்புல ஊசி போட்டாங்கன்னா பொண்ணூட்டுக்காரங்க என்ன நெனைப்பாங்க கண்ணு? இணைச்சீர் முடியட்டும். அதுவரைக்கும் கருப்பட்டி கரைச்சுக் குடுக்கலாம், ரத்தம் ஊறிப்போடும்."

மறுத்தேனா? பாடம் படித்தவன் வாய் திறந்தேனா? உண்ணும் தாய்ச்செல்லே இல்லாத எலும்புக்குச் சர்க்கரை எதற்கு? அடுப்பில்லாத வீட்டில் விறகு அடுக்கினோம். கருப்பட்டி கொடுத்தோம், தேன் கொடுத்தோம், பேரீச்சை கொடுத்தோம். எல்லாவற்றையும் அக்கா மிச்சம் வைக்காமல் குடித்தாள், தின்றாள். எனக்காகத்தான் தின்றாள்.

வெளியூர் அன்பர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் கல்யாணத்தில் கூரைச்சேலையின் ஒரு நுனி மாப்பிள்ளையிடம், மறுநுனி அவன் உடன்பிறந்தவளிடம். அதுதான் இணைச்சீர். அன்று என் கையில் இருந்த சேலை தளர்ந்தது. திரும்பினேன். "ஒண்ணுமில்ல கண்ணு, நீ நேராப் பாரு" என்றாள் மறுநுனியைப் பிடித்திருந்த அக்கா.

நாலாம் நாள் காய்ச்சலோடு அக்காவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். "இனி மஜ்ஜை கொடுத்தாலும் உடம்பு தாங்காதுங்க" என்றார் டாக்டர். பதினோராம் நாள் அக்கா இல்லை.

யாரது, விதி என்பது? இல்லை ஐயா. அந்த விதிக்கு முகூர்த்தம் குறித்தவர்கள் நாங்கள். அழாதீங்க அம்மணி, அழுது நான் கண்டது ஒன்றுமில்லை.

அவளுக்குப் பொருந்திய செல்கள் இன்றும் என் எலும்புக்குள் உயிரோடு இருக்கின்றன. காலையில் நான் குடிக்கும் காபியின் சர்க்கரையை இன்றும் எரிக்கின்றன. யாருக்காக? எதற்காக?

கொடுக்கச் சொன்னால் அன்றே கொடுங்கள். நாள் பார்க்காதீர்கள். என் துயரத்துக்குச் செவி கொடுத்தவர்களுக்கு நன்றி. உங்கள் வீடுகளிலெல்லாம் இணைச்சீருக்கு அக்காள் தங்கை நிறைந்திருக்கட்டும் என வணங்கி அமர்கிறேன்.